சுவரும் கோட்டும்: ரஞ்சித் படங்களில் நம் வரலாறு

தமிழ் சினிமா பேச ஆரம்பித்த நாலே வருஷத்தில் ஒரு பறையர் கதாநாயகனாகிவிட்டார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேஷம் கட்டி நந்தனாக நடித்தார். அந்தக் காலத்திலேயே ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர். இரண்டு படத்துக்கும் ஜனங்கள் போனது பாட்டுக்காக. அப்படிப் பாட்டுக் கேட்கப் போன ஜனத்தின் முன்னால், நம் வரலாறு என்ற பெயரில் என்ன வைக்கப்பட்டது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆதனூர் கொள்ளிடக் கரை ஊர் என்கிறது பெரியபுராணம். அந்தக் கொள்ளிடம் எங்கள் லால்பேட்டைக்குத் தெற்கே ஓடுகிறது. நந்தன் எங்கள் பக்கத்து ஆள். சேக்கிழார் அவனைத் தீயில் இறக்கிப் பூணூல் போட்ட முனிவனாக எழுப்பித்தான் சிதம்பரம் கோயிலுக்குள் விடுகிறார். ஆனால் சேக்கிழாரிடம் கூட இல்லாத ஒரு ஆண்டையை, சிதம்பரம் போக உத்தரவு தராமல் இழுத்தடிக்கிற ஒரு வேதியரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் கீர்த்தனையில் கொண்டுவந்து சேர்த்தார். சினிமா எடுத்துக்கொண்டது இந்தப் பாரதியாரின் நந்தனைத்தான். ஆண்டையிடம் கெஞ்சுகிற நந்தன். அதே நந்தனை அயோத்திதாசப் பண்டிதர் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். அந்த நந்தனைப் படமெடுக்க ஒரு முதலாளியும் வரவில்லை.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் உண்டு. லால்பேட்டையில் ஒரு டீக்கடைப் பேச்சில் கல்லூரி மாணவர் ஒருத்தர் கேட்டார்: “தோழர், பா. ரஞ்சித் படத்துல எது மட்டம், எது உசத்தி? வரிசைப்படுத்திச் சொல்லுங்க பாப்போம்.” வரிசைப்படுத்துவது என்றாலே நமக்கு ஒரு அருவருப்பு இருக்கத்தான் செய்யும். சாதியே ஒரு வரிசைதானே. மேலே ஏறஏற மரியாதை, கீழே இறங்கஇறங்க இழிவு என்கிற படிக்கட்டுச் சமத்துவமின்மையை அம்பேத்கர் நமக்கு விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் நம்மாள் எடுத்த படம் என்பதற்காக எல்லாத்தையும் ஒரே தட்டில் போட்டுக் கும்பிடுவது இன்னொரு வகைப் பக்தி. நந்தனை வைத்து நமக்குப் பக்தி சொல்லிக் கொடுத்தது போதும். அதனால் வரிசைப்படுத்தியே பார்க்கலாம். அளவுகோல் ஒன்றே ஒன்று: நம் வரலாறு இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? வசனத்திலா, கனவிலா, தெருவிலா? 2012 முதல் 2024 வரை வந்த ஏழு முழுநீளப் படங்கள். கீழேயிருந்து மேலே போகிறேன்.

கடைசி இடம் ‘கபாலி’க்கு (2016). அந்தக் கோட்டு வசனத்துக்குத் தியேட்டரில் விசில் அடித்தவர்களில் நானும் உண்டு. காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதற்கும் பின்னால் இருக்கிற அரசியலை ரஜினிகாந்த் வாயால் சொல்ல வைத்தது சின்ன விஷயம் இல்லை. சிறையில் ஒய்.பி. சத்தியநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலய்யா’ புத்தகத்தோடு அவரை அறிமுகப்படுத்தியதும் அப்படித்தான். ஆனால் கோட்டுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? ஒரு கேங் தலைவன். அவனுக்குத் தொலைந்த மனைவி, தெரியாத மகள், பழிவாங்க ஒரு சீன வில்லன்.

மலேயாவுக்குப் பால்மரம் சீவப் போன நம் ஜனத்தின் வரலாறு இதைவிட எவ்வளவு பெரியது! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையாகக் கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இங்கே ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தகப்பன்மார்களின் பிள்ளைகள் நாம். கடல் தாண்டிப் போனவன் அங்கே போய் முதலில் கேட்டவற்றுள் அதுவும் ஒன்று. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளிகள் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949இல் வெள்ளைக்காரன் கோலாலம்பூரில் தூக்கில் போட்டான். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போனவர் அவர்.

படத்தில் கூலிக்காகக் கபாலி குரல் கொடுப்பது பழைய நினைவாகச் சில நிமிஷம் வந்துபோகிறது. பிறகு துப்பாக்கி, கார், கோட்டு. மலேசியாவில் காட்டிய பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக ஒரு அட்டை வேறு போட்டார்கள். லால்பேட்டையில் வீட்டுக்கு வீடு சபர் போன ஆள் இருக்கிறார்கள். கொடிக்கால் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு கப்பல் ஏறிய நம் சேரி ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் டான் ஆகவில்லை. மாசாமாசம் பணம் அனுப்பினார்கள், சிலபேர் பெட்டியில் வந்தார்கள். அந்தக் கதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, நட்சத்திரத்துக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொண்ட படம் இது.

அடுத்து ‘தங்கலான்’ (2024). இதைக் கீழே வைப்பதில் பல தோழர்களுக்குக் கோபம் வரும். ரஞ்சித் படங்களிலேயே வரலாறு என்று தலையில் எழுதிக்கொண்டு வந்த படம் இதுதான். 1850, வட ஆற்காடு, வேப்பூர். சொந்த நிலத்தில் பயிர் வைத்திருந்த குடும்பம், விளைந்த பயிர் எரிந்து, வரிக் கணக்கில் நிலம் பறிபோய், பண்ணையாளாக விழுகிறது. இந்த முதல் அரைமணி நேரம் தமிழ் சினிமாவில் யாரும் எடுக்காதது. நாம் என்றைக்குமே நிலமில்லாதவர்கள் என்ற பொய்யை இந்தப் பகுதி போட்டு உடைக்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம்மவர் நிலைமை பற்றி அறிக்கை எழுத வேண்டி வந்ததும், 1892இல் பஞ்சமி நிலம் என்று ஒன்று உண்டானதும், 1994இல் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு பேர் குண்டடிபட்டுச் செத்ததும் இந்தப் பறிப்பின் தொடர்ச்சிதான். ரவிக்கை கிடைத்த பெண்கள் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிற காட்சிக்காக மட்டுமே இன்னொரு தடவை படம் பார்க்கலாம்.

சிக்கல் தங்கத்தைத் தேடிப் போன பிறகு வருகிறது. ஆரத்தி வருகிறாள், நாகர்கள் வருகிறார்கள், பூர்வ ஜென்மம் வருகிறது, புத்தர் தலை வருகிறது. எது நனவு எது கனவு என்று தெரியாத ஒரு காடு. தொன்மத்தை எதிர்த்தொன்மத்தால் அடிப்பது ஒரு வழிதான், அயோத்திதாசரும் அதைச் செய்தவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கோலார் தங்கவயல் நமக்குக் கனவு இல்லையே! அது தேதியோடு, முகவரியோடு இருக்கிற வரலாறு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன ஆதிதிராவிடர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை அவர் காலத்துக்குப் பிறகு நின்றபோது, 1926இல் அதை மறுபடி எடுத்து நடத்தியது தங்கவயல் ஜி. அப்பாதுரையார். அங்கே சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்று இருந்து பண்டிதரின் எழுத்தைப் புத்தகமாகப் போட்டது. பகலெல்லாம் சுரங்கத்துக்குள் இருட்டில் கிடந்தவன் மேலே வந்து சங்கத்துக்குச் சந்தா கட்டினான், பத்திரிகை வாங்கினான், தன் பிள்ளைக்குச் சித்தார்த்தன், கௌதமன் என்று பெயர் வைத்தான். 2001 பிப்ரவரியில் அரசாங்கம் சுரங்கத்தை மூடியது. ஜனம் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

படத்தின் புத்தர் மண்ணுக்குள் புதைந்த சிலையாகக் கிடைக்கிறார். தங்கவயலின் புத்தர் அச்சு எழுத்தில் வந்தார். படம் 1850இல் நடக்கிறது, அச்சகம் எப்படி வரும் என்று கேட்கலாம். சரி, ஆனால் சுரங்கம் தோண்டவே ஆரம்பிக்காத 1850ஐத் தேர்ந்தெடுத்தது யார்? கதைக்காரர்தான். ஆவணம் இல்லாத காலத்துக்குப் போனால் கற்பனைக்கு இடம் நிறைய. ஆவணம் இருக்கிற காலத்துக்குப் போயிருந்தால் நம்மவன் மந்திரத்தில் விழித்தவனாக இல்லாமல், படித்து விழித்தவனாக வந்திருப்பான். எனக்கு இது பெரிய ஏமாற்றம். ஏமாற்றம் பெரியதாக இருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணவக் கொலையைப் பற்றி நாடகம் போட ஒரு குழு பாண்டிச்சேரியில் கூடுகிறது. எங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான் பாண்டி. ஆனால் அந்த வீட்டில் நடக்கிற பேச்சு எங்களுக்கு ரொம்ப தூரம். 2003இல் இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், கல்யாணம் பண்ணிக்கொண்ட இரண்டு பிள்ளைகளுக்கு விஷம் ஊற்றி எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்ல 2021 ஆகிவிட்டது. அந்தப் பதினெட்டு வருஷம் ஒரு குடும்பம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்ததே, அதுதான் நம் காலத்து வரலாறு. படத்தில் கொலை விவாதப் பொருளாக இருக்கிறது, நடை இல்லை. ஆனாலும் ரெனே இருக்கிறாள். அழாத, கெஞ்சாத, தன் சாதியைக் குத்திப் பேசிய காதலனை அந்த நிமிஷமே விட்டு விலகுகிற ஒரு தலித் பெண். அவளுக்காக இரண்டு படி மேலே.

‘காலா’ (2018) அதற்கு மேலே. தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன ஜனம் சதுப்பைத் தூர்த்து உண்டாக்கிய ஊர், பிறகு நகரத்தின் நடுவில் கோடிக்கணக்கில் விலை போகிற நிலமாக ஆனதும் “சுத்தம் செய்யணும்” என்று வருகிறார்கள். நிலத்தின் வரலாறு இது. கபாலியில் ஒரு வசனத்தில் நின்ற அரசியல் இதில் படத்தின் எலும்பாக இருக்கிறது. வில்லன் வீட்டில் ராமாயணம் படிக்கப்படும்போது இங்கே ராவணன் தலை ஒவ்வொன்றாக எழுகிறது. ஜீப்பின் நம்பர் 1956, அம்பேத்கர் பௌத்தம் தழுவிய வருஷம். பள்ளிவாசலும் சேரியும் தோளோடு தோளாக இருக்கிற ஊரை இவ்வளவு இயல்பாக வேறு எந்தத் தமிழ்ப் படத்தில் பார்த்தோம்? லால்பேட்டைக்காரனுக்கு அது தன் ஊர் மாதிரி இருக்கும். தமிழ் சினிமா முஸ்லிமுக்குக் கொடுத்த வேஷங்கள் நமக்குத் தெரியும்: ஒன்று நல்ல பாய், இல்லையென்றால் குண்டு வைக்கிறவன்.

ஆனால் படத்துக்கு வெளியே ஒன்று நடந்தது. 2018 மே 22 தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே அங்கே போய்விட்டு வந்த ரஜினிகாந்த், எதற்கெடுத்தாலும் போராடினால் நாடு சுடுகாடாகிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். ஜூன் 7இல் ‘காலா’ வந்தது. உடம்பையே ஆயுதமாக வைத்துப் போராடச் சொல்கிற பாத்திரம் ஒரு பக்கம், அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் இன்னொரு பக்கம். பெரிய நட்சத்திரத்தின் தோளில் நம் வரலாற்றை ஏற்றினால் அவர் எப்போது வேண்டுமானாலும் இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். (இதே கவலை ‘ஜெய்பீம்’ பார்த்தபோதும் எனக்கு வந்தது. 2021இல் வந்த அந்தப் படம் நம்ம மாவட்டத்தில் 1993இல் நடந்த லாக்கப் கொலை. நல்ல படம்தான், ஆனால் முடிவில் நெஞ்சில் நிற்பது வக்கீல். ரஞ்சித் படங்களில் வெளியிலிருந்து காப்பாற்ற ஆள் வருவதில்லை, அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.)

மூன்றாவது இடத்தில் ‘அட்டகத்தி’யை (2012) வைக்கிறேன். சிரிக்க வேண்டாம். இதில் புத்தர் இல்லை, கோட்டு இல்லை, எழுச்சி வசனம் இல்லை. சென்னைக்கு வெளியே ஒரு கிராமம், காதலில் தோற்றுத்தோற்று எழுகிற தினகரன், பஸ்ஸில் ‘ரூட்டு தல’, கானா பாலாவின் பாட்டு. 1942இன் நந்தனுக்கும் இந்தத் தினகரனுக்கும் நடுவில் எழுபது வருஷம். அந்த எழுபது வருஷத்தில் திரையில் நம்மவன் செத்தான், அடி வாங்கினான், விசுவாசமாக இருந்தான், கோமாளியாக இருந்தான். சும்மா இருந்ததில்லை. காதலித்து அசடு வழிந்ததில்லை. அட்டகத்தியில் யாரையும் பார்த்து யாரும் இரக்கப்படவில்லை. அப்பன் குடிக்கிறான், அம்மா திட்டுகிறாள், பையன் கண்ணாடி முன்னால் தலை வாருகிறான். படம் வந்தபோது பாதிப்பேருக்கு இது சேரிப் படம் என்றே தெரியவில்லை. தெரியாமல் ரசித்தார்கள். தெரிந்த பிறகு அடுத்தடுத்த படங்களில் குற்றம் கண்டுபிடித்தார்கள். ரஞ்சித் 1982இல் ஆவடிப் பக்கம் பிறந்தவர், அவருக்குத் தெரிந்த பஸ், அவருக்குத் தெரிந்த தெரு. தெரிந்ததை எடுக்கும்போது ஆவணம் தானாக உண்டாகிறது.

‘சார்பட்டா பரம்பரை’ (2021). பலபேர் இதைத்தான் முதலில் வைப்பார்கள், அவர்களோடு சண்டை போட மாட்டேன். எழுபதுகளின் வடசென்னை, துறைமுகக் கூலி, குத்துச்சண்டை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் உண்மையில் இருந்தவை. தமிழ்ப்பிரபா எழுத்தில் கூட இருந்ததால் பேச்சுமொழி கெட்டுப்போகாமல் வந்திருக்கிறது. இங்கே வரலாறு கையுறைக்குள் இருக்கிறது. யார் சண்டை போடலாம், யார் பரம்பரையின் மானத்தைத் தூக்கலாம் என்ற கேள்வியில் சாதி வருகிறது. வசனமாக வராமல் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்க்கிற பார்வையில் வருகிறது. கபிலன் ஜெயிக்கப் போகிற நேரத்தில் அவனை மேடையிலேயே அவமானப்படுத்துகிறார்களே, அது இந்த நாட்டில் நாம் ஜெயிக்கப்போன ஒவ்வொரு நேரமும் நடந்தது. பாக்கியம் என்கிற அந்தத் தாய் மகனைக் குத்துச்சண்டைக்கு அனுப்ப மறுப்பதற்குப் பின்னால் புருஷன் ரவுடியாகிச் செத்த கதை இருக்கிறது. தாய்மார்கள் நம் வீட்டில் வரலாற்று ஆசிரியர்கள். அவர்கள் பாடம் நடத்துவது விளக்குமாறால்.

1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதையும் மிசாவையும் கதையோடு பின்னியிருக்கிறார். எம்.ஜி.ஆரைக் குறைத்துக் காட்டிவிட்டார் என்று அ.தி.மு.க. தரப்பில் கோபப்பட்டார்கள். என் குறை வேறு. அந்தக் கறுப்பு சிவப்புக் கொடிக்குக் கீழே நம்மவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்ற கேள்வியைப் படம் கேட்கவே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள் தலைமையில் ஒரு குழு இந்தியா முழுக்கச் சுற்றித் தீண்டாமையைப் பற்றி 1969இல் அறிக்கை கொடுத்தது. அது தூங்கிக்கொண்டிருந்த காலம்தான் எழுபதுகள். வடசென்னையையே எடுத்துக்கொண்டால், 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் சேரி எரிந்த கதை இருக்கிறது. யூனியன் தலைவர்கள் நம்மவர்களைக் கருங்காலி என்றார்கள், எம்.சி. ராஜா பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கசப்பு ஐம்பது வருஷம் கழித்து ரங்கன் வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு துளிகூட இல்லாமலா போயிருக்கும்?

அதனால் முதலிடம் ‘மெட்ராஸ்’ (2014). ஒரு சுவர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு பெரிய சுவர். அதில் ஒரு கட்சித் தலைவர் கிருஷ்ணப்பனின் படம். அந்தச் சுவர் யாருக்கு என்ற சண்டையில் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுவர் பலி கேட்கிறது என்று பேய்க்கதை மாதிரி ஜனம் பேசிக்கொள்கிறது. இது வரலாற்றுப் படமா என்று கேட்பார்கள். இதைவிட வரலாறு எதில் இருக்கிறது? நம்மைச் சுற்றி எழுந்த சுவர்களை எண்ணிப் பாருங்கள். சிதம்பரம் கோயிலில் நந்தன் நுழைந்ததாக நம்மவர்கள் சொல்லும் தெற்கு வாசல் அடைப்பு. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பி 2008இல்தான் ஒரு பக்கம் உடைக்கப்பட்ட தீண்டாமைச் சுவர். அவை வெளியிலிருந்து நமக்கு எதிராகக் கட்டியவை. மெட்ராஸ் காட்டுகிற சுவர் உள்ளே இருக்கிறது. அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதும் நாம்தான், காவல் இருப்பதும் நாம்தான், அதற்காக நம்மை வெட்டிக்கொள்வதும் நாம்தான். படம் மட்டும் வேறு யாருடையதோ.

காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதி. தேர்தலுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே காலனிச் சுவர்களில் வெள்ளையடித்து, கட்சிப் பெயர் போட்டு, வருஷம் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். சுவருக்குள்ளே குடியிருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எழுதுவதற்குப் பெயிண்டும் பிராந்தியும் வாங்கிக் கொடுத்து அனுப்பப்படுகிறவன் அதே காலனிப் பையன். மெட்ராஸில் அன்பு அப்படிப்பட்ட பையன்தான், ஆனால் நம்புகிறவன். அதிகாரம் வந்தால் நம்ம ஜனத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்புகிறான். அவனை வெட்டுவதற்கு எதிர்க்கட்சி மட்டும் காரணம் இல்லை, கூட இருந்தே வளர்ந்த மாரியும் சேர்ந்துதான் விலை பேசியிருக்கிறான். தலித் அரசியலை உள்ளேயிருந்து இப்படிக் கேள்வி கேட்ட படம் அதற்கு முன்னால் இல்லை, ரஞ்சித்தே பிறகு இவ்வளவு தைரியமாகக் கேட்கவில்லை என்பது என் கணிப்பு. கபாலியிலும் காலாவிலும் எதிரி வெளியில்தான் இருக்கிறான், அடிக்கச் சுலபம்.

காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான், ‘தீண்டாத வசந்தம்’ நாவல் படிக்கிறான், பந்து விளையாடுகிறான். நட்சத்திரம் கார்த்திதான், ஆனாலும் தெரு அவனை விழுங்கிவிடுகிறது. தண்ணிக் குழாயடி, மாடிப்படி, கேரம் போர்டு, சாவு வீட்டில் கானா. கானா என்பதே சாவு வீட்டில் இறந்தவன் வாழ்க்கையை விடியவிடியப் பாடுவதுதானே. எழுத்தில் இடம் கிடைக்காதவனுக்குப் பாட்டில் ஒரு வாழ்க்கை வரலாறு. அந்த ஒரு இரவுக் காட்சியில் இருக்கிற வரலாற்று முறையியல் தங்கலான் முழுவதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

முடிவில் காளி அந்தக் கிருஷ்ணப்பன் மேல் பெயிண்டை வீசுகிறான். பிறகு சுவரில் பிள்ளைகளுக்கான சித்திரங்கள் வருகின்றன, காளியும் கலையரசியும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். இந்த முடிவு கொஞ்சம் அவசரம், அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று சொன்ன தோழர்கள் உண்டு. எனக்கு உறுத்துவது மேரி. அன்புவின் மனைவி. புருஷன் செத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது, பிள்ளையை எப்படி வளர்த்தாள், கட்சிக்காரன் வந்து ஏதாவது கொடுத்தானா, அவள் அதை வாங்கினாளா? சுவரின் கதையை மேரி சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஒரு படம் கிடைத்திருக்கும். நம் காலனிகளில் அப்படி எத்தனை மேரிகள். கட்சிச் சண்டையில் புருஷனைக் கொடுத்துவிட்டு, வீராணத்துக் கரையில் நடவுக்கும் கொடிக்காலுக்கும் போய்க்கொண்டிருக்கிற அந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற வேலையை அடுத்த இதழுக்காவது மாணவத் தோழர்கள் எடுத்துக்கொள்ளலாம்.